வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்

புந்தோங், ஈப்போ
9 செப்டம்பர் 2024
நகல்: பழனியப்பன் அண்ணன், செயலாளர்

தனேஷ்,

போனில் பேசினால் இரண்டாவது நிமிடம் நமக்குள் சண்டை. ஆகவே எல்லாம் எழுத்தில், தமிழில், தனக்கு ஒரு நகலோடு இருக்க வேண்டும் என்று பழனியப்பன் அண்ணன் சொல்லிவிட்டார். கிரேன்மோர் தோட்ட முன்னாள் குடியிருப்பாளர் சங்கத்தின் செயலாளர் சொன்னால் சொன்னதுதான்.

நாம் என்ன ஒப்புக்கொண்டோம் என்பதை முதலில் எழுதிவைக்கிறேன். நீ வேறு மாதிரி ஞாபகம் வைத்திருப்பாய்.

தோட்டத்து இடுகாட்டில் வீடுகள் கட்டப் போகிறார்கள். நவம்பர் 30க்குள் சங்கம் கொடுக்கும் பட்டியலில் உள்ள குழிகளை மட்டும் எடுத்து வேறு இடத்தில் அடக்கம் செய்வார்கள். பட்டியலில் இல்லாதவற்றின் மேல் கான்கிரீட். கல்லோ சிலுவையோ இருப்பவை நாற்பத்தொன்று. மற்றதெல்லாம் வெறும் மண். வரைபடத்தை விரித்துக் காட்டினால் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. "பேப்பர்ல என்னாமா தெரியும், நடந்து போனா காட்டிருவேன் லா" என்று பத்துப் பேராவது சொன்னார்கள். நடக்க முடியாது. வேலி போட்டுப் பூட்டிவிட்டார்கள்.

அதற்குத்தான் உன் ஓப்பன்சிம் சர்வரில், அந்த மெய்நிகர் உலகத்தில், அந்த நிலத்தைக் கட்டுவது. அதை என் இணையதளத்தோடு இணைப்பது. தளத்தில் பதிந்தவருக்கு உள்ளே ஓர் உருவம் கிடைக்க வேண்டும். அதை நடத்திக்கொண்டு போய், குழி இருந்த இடத்தில் நின்று பொத்தானை அழுத்தினால், தளத்தில் ஒரு பதிவு விழ வேண்டும். யார், யாருக்காக, எந்த இடம். அவ்வளவுதான்.

உலகம் உன்னுடையது. தளம் என்னுடையது. நடுவில் உடைவது யாருடையது என்று எட்டு வாரமாகத் தெரியவில்லை.

சனிக்கிழமை என் வெப்சைட் கடையில் முதல் சோதனை. பழனியப்பன் ஏ/எல் பெருமாள் என்று பதிந்தோம். உன் சர்வர் இரண்டு பெயர் கேட்கிறது, முதல் பெயர், கடைசிப் பெயர். நமக்கு ஏது கடைசிப் பெயர்? மகன் என்பதற்கு ஏ/எல், பிறகு அப்பா பெயர். சாய்கோட்டைப் பார்த்ததும் இரண்டு ஆட்களை உருவாக்கிவிட்டது. பழனியப்பன் அண்ணன் ஒருவர். அவருடைய அப்பா பெருமாள் ஒருவர். பெருமாள் இறந்து முப்பத்து மூன்று வருடம். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் உருவம் வராமல் ஒரு மேகமாக நின்றார், தலைக்கு மேல் பெயரோடு.

"எங்கப்பாவா அது?" என்று கேட்டார் அண்ணன். கடையில் யாரும் சிரிக்கவில்லை.

சரி செய்.

கேரன்


லூமுட்
11 செப்டம்பர் 2024
நகல்: பழனியப்பன் அண்ணன்

கேரன்,

சாய்கோட்டில் பெயரைப் பிளந்தது சர்வர் இல்லை. உன் தளத்திலிருந்து பெயரை அனுப்பும் நிரல். பதிவேட்டைப் பார்த்தேன். இரண்டு ஆட்கள் என்றுதான் வந்திருக்கிறது. வந்ததை சர்வர் செய்தது.

பெருமாளை அழிக்கவா என்று பழனியப்பன் அண்ணனிடம் கேட்டேன். "இருக்கட்டும்டா, யாருக்கு என்ன இடைஞ்சல்" என்றார். இருக்கிறார்.

நிலம் பெரியது. இரண்டு துண்டாகப் போட்டிருக்கிறேன். இடுகாட்டின் நடுவே ஓடும் வாய்க்காலில் தையல். ஒரு துண்டிலிருந்து இன்னொன்றுக்கு நடந்து போகலாம். தையல் தெரியாது.

கப்பல் பட்டறையிலிருந்து ஆறு மணிக்குத்தான் வீட்டுக்கு வருகிறேன். மெதுவாகத்தான் நடக்கும்.

வேறு எழுத நினைத்தேன். நகல் போகிறது.

தனேஷ்


புந்தோங்
30 செப்டம்பர் 2024
நகல்: பழனியப்பன் அண்ணன்

தனேஷ்,

சாய்கோடு முடிந்தது. மகனுக்கு ஏ/எல், மகளுக்கு ஏ/பி, எது வந்தாலும் அதற்கு முன்னால் உள்ளது முதல் பெயர், பின்னால் உள்ளது கடைசிப் பெயர். முதல் பெயர் காலியாக இருந்தால் தளம் ஏற்காது. இனிமேல் யாருடைய அப்பாவும் எழுந்து வரமாட்டார்.

அடுத்தது. தேவாலய அலுவலகம் தன் ஆட்களுக்குத் தனிப் பட்டியல் கேட்கிறது. கோயில் கமிட்டி தனிப் பட்டியல் கேட்கிறது. போன வாரம் யாரோ வழி தெரியாமல் சுற்றி, கண்ட இடத்தில் பொத்தானை அழுத்தி, ஆறு பொய்ப் பதிவு. ஒவ்வொருவருக்கும் போன் போட்டு அழிப்பதற்குள் என் ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

ஆகவே பதியும் பாரத்தில் மதம் என்று ஒரு கேள்வி வைத்துவிட்டேன். கட்டாயம், நட்சத்திரக் குறியோடு. கிறிஸ்துவர் என்று போட்டவர் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் மட்டும். இந்து என்று போட்டவர் அந்தப் பக்கம் மட்டும். இடுகாடே அப்படித்தானே இருந்தது. யார் எந்தப் பக்கம் என்று என் தளம் சொல்லும், உன் சர்வர் அதன்படி உள்ளே விட வேண்டும். அந்த அனுமதி அமைப்புக்கு உன் மென்பொருளில் எஸ்டேட் என்றே பெயர். அந்தச் சிரிப்பை முதல் நாளே சிரித்துவிட்டோம்.

வெள்ளிக்குள் வேண்டும்.

கேரன்


லூமுட்
3 அக்டோபர் 2024
நகல்: பழனியப்பன் அண்ணன்

கேரன்,

செய்துவிட்டேன்.

ஒரு கேள்வி. இரண்டு பக்கமும் போக வேண்டியவர் யாராவது இருந்தால்? யாரையாவது கேட்டாயா?

தனேஷ்


புந்தோங்
21 அக்டோபர் 2024
நகல்: பழனியப்பன் அண்ணன்

தனேஷ்,

இரண்டு பக்கமும் யாருக்கு வேலை? அப்படி ஒருவரும் இல்லை. நானும் அதே லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள். எனக்குத் தெரியும்.

இதற்குப் பதில் சொல். எண்பத்தேழு பதிவு வந்திருக்கிறது. கூடவே புகாரும். வாய்க்கால் ஓரம் போனால் உருவம் அப்படியே நிற்கிறது, பிறகு பின்னால் தள்ளப்படுகிறது. மூன்று பேர் சொன்னார்கள். அதில் ஒருவர் என் அம்மா. மத்தியான வேளையில் நான் வாடிக்கையாளர்களைப் பார்க்கப் போனதும் சாவியை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்து உட்கார்ந்துகொள்கிறார்.

"ஏன்டி, இந்தப் பொம்ம வாய்க்காலத் தாண்ட மாட்டேங்குது?"

"நீங்க ஏம்மா அங்க போறீங்க? தாத்தா சிலுவ இந்தப் பக்கம்தான? அதான் பதிஞ்சாச்சே."

"சும்மாதான்" என்றார்.

அம்மாவுக்கு அம்புக்குறிப் பொத்தான் பழக்கமில்லை. எங்கே போகிறோம் என்று அவருக்கே தெரியாது. அது வேறு. தையல் பிய்கிறது என்பதுதான் விஷயம். தெரியாது என்று எழுதியிருந்தாய். எல்லோருக்கும் தெரிகிறது.

உன் வேலையே இப்படித்தான். இரண்டு பொருள் சேரும் இடத்தில் அப்படியே போட்டுவிட்டுப் போவது. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை மேசை மேல் கடைச் சாவியை வைத்துவிட்டுப் போன மாதிரி. மூன்று வருடம் சேர்ந்து நடத்திய கடை. ஒரு வார்த்தை இல்லை.

கேரன்


லூமுட்
24 அக்டோபர் 2024
நகல்: பழனியப்பன் அண்ணன்

கேரன்,

என் கணக்கில் வாய்க்காலை இருபது முறை தாண்டினேன். இருபது முறையும் போனது. தையலில் கோளாறு இல்லை. உன் பக்கம் பார்.

சாவி பற்றி: நகல் போகிறது.

தனேஷ்


புந்தோங்
29 அக்டோபர் 2024
நகல்: பழனியப்பன் அண்ணன்

தனேஷ்,

உன் கணக்கு நிர்வாகியின் கணக்கு. நீ கடவுள். கடவுளுக்கு எல்லா வாய்க்காலும் தாண்டும். சாதாரண ஆளாகப் போய்ப் பார்.

நாளை மறுநாள் தீபாவளி, நீ ஒரு வாரம் விடுப்பு, எனக்குத் தெரியும். விடுப்பு முடிந்ததும் பார்க்கிறேன் என்று எழுதாதே. நவம்பர் முப்பதாம் தேதிக்கு முப்பத்திரண்டு நாள் இருக்கிறது.

உன் அம்மா நவமணி சித்திக்கு என் தீபாவளி வாழ்த்தைச் சொல். உனக்கு இல்லை.

கேரன்


லூமுட்
4 நவம்பர் 2024
நகல்: யாருக்கும் இல்லை

கேரன்,

சாதாரண ஆளாகப் பார்த்தேன். பிறகு சர்வர் பதிவேட்டை முழுக்கப் படித்தேன்.

எதுவும் பிய்யவில்லை. உன் தளம் கிறிஸ்துவர் என்று சொன்னவரை சர்வர் அந்தப் பக்கம் விடவில்லை. நீ கேட்டபடி. அனுமதி இல்லை என்று திரையின் மூலையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். நான்கு நொடியில் போய்விடும். படிக்காதவருக்கு அது கோளாறு.

மற்ற இருவரும் ஒவ்வொரு முறைதான் மோதியிருக்கிறார்கள். தவறிப் போனவர்கள். மூன்றாவது ஆள்:

அக்டோபர் 8, பிற்பகல் 2.14. எல்ஸி சூசை. எல்லை. அனுமதி இல்லை.
அக்டோபர் 8, பிற்பகல் 2.15. எல்ஸி சூசை. எல்லை. அனுமதி இல்லை.

இப்படியே போகிறது. அக்டோபரில் ஒன்பது நாள். நவம்பர் 2 அன்று மட்டும் நாற்பத்து மூன்று முறை. அன்று கல்லறைத் திருநாள். காலையில் உன் அப்பா ஆம்புரோஸ் பெரியப்பாவின் கல்லறைக்கு நீங்கள் எல்லோரும் போயிருப்பீர்கள். மத்தியானம் பெரியம்மா கடைக்கு வந்திருக்கிறார்.

நாற்பத்து மூன்றும் ஒரே இடம். அரை மீட்டர்கூட விலகவில்லை. லயத்திலிருந்து கிளம்பி, களத்தைத் தாண்டி, நேராக வாய்க்காலின் அந்த இடம். வேறு எங்கும் நிற்கவில்லை.

பெரியம்மா வழி தவறவில்லை, கேரன்.

நான் படித்துக்கொண்டிருந்தபோது என் அம்மா பின்னால் நின்றார். திரையில் அந்த இடத்தைப் பார்த்துவிட்டு, "யாருடா அது?" என்றார். சொன்னேன். "எல்ஸி அக்காவா? ஐயோ, அவங்கள ஏன்டா அங்க நிறுத்தி வச்சிருக்கீங்க?" என்றார். பிறகு அடுப்படிக்குப் போய்விட்டார். நான் போய்க் கேட்டேன். சொன்னார்.

அதை இங்கே எழுதமாட்டேன். சொல்ல வேண்டியவர் உன் வீட்டிலேயே இருக்கிறார்.

ஒரு நிமிடத்தில் அந்த அனுமதியைத் திறந்துவிட என்னால் முடியும். திறக்கவில்லை. திறந்தால் நானும் கேட்காமல் செய்தவன் ஆவேன். நீ கேள்.

சாவி. கோலாலம்பூர் வேலைக்கு நாம் இருவரும் குடிபெயர்வதாக நீ கையெழுத்துப் போட்டாய். வாடிக்கையாளர் வாழ்த்துச் சொன்னபோதுதான் எனக்கே தெரியும். அப்பா போய் அப்போது நான்கு மாதம். அம்மா இங்கே தனியாக. கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பேன். நீ கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அது என் தப்பு.

தனேஷ்


புந்தோங்
5 நவம்பர் 2024

என் அம்மா எங்கே எத்தனை முறை மோதினார் என்று எண்ணிப் பார்க்க உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

நவமணி சித்தி என்ன சொன்னார்?

கேரன்


லூமுட்
5 நவம்பர் 2024

எண்ணியது சர்வர். நான் படித்தேன்.

எழுதமாட்டேன்.

தனேஷ்


புந்தோங்
17 நவம்பர் 2024

தனேஷ்,

பன்னிரண்டு நாள் ஆயிற்று. பத்து நாள் உன் மேல் கோபம். பதினோராவது நாள் கோபப்படக் காரணம் தீர்ந்துவிட்டது. நேற்று மத்தியானம் சொல்லாமல் கடைக்குத் திரும்பினேன்.

அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு விரலால் மேல் அம்பை அழுத்திக்கொண்டிருந்தார். பொம்மை வாய்க்காலில் முட்டியது. பின்னால் வந்தது. மறுபடி அழுத்தினார். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் முகம்.

"அம்மா, எங்க போவணும் உங்களுக்கு?"

திரையை விட்டுத் திரும்பவில்லை. "அந்தப் பக்கம்."

"அங்க யாரு இருக்கா?"

"உங்கண்ணன்."

வீட்டில் மூத்தவள் நான். அப்படித்தான் எல்லாப் பாரத்திலும் முப்பத்தொரு வருடமாக எழுதி வருகிறேன்.

1985. மூன்று நாள் இருந்திருக்கிறான். சாமியார் தோட்டத்துக்கு மாதம் ஒரு முறைதான் வருவார், அடுத்த முறைக்கு இன்னும் இரண்டு வாரம். ஞானஸ்நானம் இல்லை. இந்தப் பக்கம் புதைக்கலாமா என்று அப்பா யாரையும் கேட்கவில்லை. கூடாது என்று சொல்லிவிட்டால் அதை வேறு கேட்க வேண்டும் என்று பயந்தாராம். உன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போயிருக்கிறார். உங்கள் ஆட்கள் கைக்குழந்தைகளைப் புதைக்கும் இடத்துக்கு. ராமையா சித்தப்பாதான் குழி வெட்டினார். அம்மா பிரசவ அறையை விட்டு வெளியே வரக்கூடாது. நவமணி சித்தி வந்து காதில் சொல்லியிருக்கிறார். வாய்க்காலத் தாண்டுங்க, அடிமரம் ஒண்ணு இருக்கும், அங்கிருந்து ஒம்பது அடி நடங்க.

அதன் பிறகு பதினொரு வருடம் அம்மா பால் வெட்டிய ரப்பர் மர நிரை அந்தப் பக்கத்திலேயே. கேட்டு வாங்கியிருக்கிறார். எனக்குத் தெரிந்ததெல்லாம் அம்மா வேலைக்குச் சீக்கிரம் போவார் என்பதுதான்.

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"நீ கேக்கலையே. உன் பாரத்துல என்னா மதம்னு கேட்ட. கிறிஸ்டியன்னு சொன்னேன். பொய்யா சொல்ல முடியும்?"

நட்சத்திரக் குறியை எடுத்தேன். பிறகு அந்தக் கேள்வியையே எடுத்தேன். உள்ளே போக எல்லோருக்கும் எல்லா இடமும். பொய்ப் பதிவு வந்தால் வரட்டும், என் ஞாயிற்றுக்கிழமைகளை வைத்துக்கொண்டு வேறு என்ன செய்யப்போகிறேன்.

அம்மா மறுபடி மேல் அம்பை அழுத்தினார். பொம்மை வாய்க்காலைத் தாண்டியது. அம்மா எண்ணிக்கொண்டே போனார். "இந்தப் பொம்மைக்குக் கால் நீளம், ஏழு போதும்" என்று ஏழில் நிறுத்தினார். பொத்தானை அழுத்தினார்.

பாரம் வந்தது. இறந்தவர் பெயர். நட்சத்திரக் குறி.

"பேரு வைக்கல" என்றார்.

பழனியப்பன் அண்ணனுக்குப் போன் போட்டேன். "ஐயோ, பேர் இல்லாம வீடு கட்டறவங்க ஆபீஸ்ல எடுக்கமாட்டாங்கமா, தள்ளிருவாங்க லா. ஏதாச்சும் ஒண்ணு வைங்க." அம்மாவைக் கேட்டேன். கேட்கக் கற்றுக்கொண்டுவிட்டேன், பார். அம்மா தலையை அசைத்து மறுத்தார். "வேணாம். நாப்பது வருஷமா பேரில்லாமத்தான் இருக்கான். இப்ப ஒண்ண வச்சா அது வேற யாரோ. அப்பன் பேரு இருக்குல்ல, அதப் போடு."

முதல் இடம் காலி. பிறகு ஏ/எல். பிறகு ஆம்புரோஸ்.

தளம் ஏற்கவில்லை. முதல் பெயர் காலியாக இருக்கக்கூடாது. செப்டம்பரில் நானே எழுதியது, உன்னிடம் பெருமையடித்தது. அம்மா பக்கத்தில் காத்திருக்க, அந்த வரியைத் தேடி அழித்தேன். இருபது நிமிடம். என் வாழ்க்கையிலேயே மோசமாக எழுதிய நிரல் அது.

பதிவு எண் 118. ஏ/எல் ஆம்புரோஸ். உறவு: தாய்.

எந்தப் பட்டியலில் சேர்ப்பது என்று அண்ணனைக் கேட்டேன். "ரெண்டுலயும் போடுமா. எவன் வந்து கேக்கறான் பாப்போம்."

கோலாலம்பூர். ஆமாம். கேட்கவில்லை.

கேரன்


லூமுட்
19 நவம்பர் 2024

கேரன்,

இரண்டு துண்டையும் ஒன்றாக்கிவிட்டேன். ஒரே நிலம். வாய்க்கால் இருக்கிறது, தையல் இல்லை. முதலிலேயே செய்திருக்கலாம். சர்வர் திணறும் என்று பயந்தேன். திணறவில்லை.

பெருமாள் இன்னும் களத்தில் நிற்கிறார். பழனியப்பன் அண்ணன் வாரத்துக்கு ஒரு முறை உள்ளே வருகிறார். பக்கத்தில் போய் நிற்கிறார். பதிவேட்டில் இருக்கிறது. இதை நான் எண்ணவில்லை.

28ஆம் தேதி வேலியைத் திறந்து இடங்களைச் சரிபார்க்கப் போவதாக அண்ணன் சொன்னார். என் அம்மா தானும் வரவேண்டும் என்கிறார். எனக்கு விடுப்புக் கிடைக்காது, பட்டறையில் கப்பல் ஒன்று பழுதுபார்க்கக் கரையேறியிருக்கிறது. அம்மாவை பஸ் ஏற்றிவிடுகிறேன். உன் வீட்டில் தங்கலாமா? கேட்கிறேன்.

தனேஷ்


புந்தோங்
29 நவம்பர் 2024

தனேஷ்,

பட்டியல் இன்று காலை கொடுத்தாகிவிட்டது. நூற்று முப்பத்தொன்று. வாங்கிக்கொண்டு முத்திரை குத்தினார்கள். 118இல் அந்த ஆபீஸ் பெண் பேனாவை நிறுத்தி, பெயர் எங்கே என்றாள். பழனியப்பன் அண்ணன், "அதான் பேரு" என்றார். குத்திவிட்டாள்.

நேற்று நடந்ததைச் சொல்ல வேண்டும். சிம்பாங் பூலாய் தாண்டும்போதே மழை. வேலியைத் திறந்துவிட்டார்கள். லாலான் புல் இடுப்பு உயரம். நில அளவைக்காரர் ஒருவர் கையில் கருவியோடு, உன் சர்வர் கொடுத்த எண்களைப் பார்த்து ஒவ்வோர் இடத்திலும் சிவப்புக் கொடி நட்டுக்கொண்டே வந்தார். வாய்க்கால் பாதி தூர்ந்துவிட்டது. 118க்குக் கொடி நட்டார்.

அம்மா பார்த்தார். "இது இல்ல."

கருவி இங்கேதான் காட்டுகிறது என்றார் அவர், மலாயில், மரியாதையாக.

அம்மா வாய்க்காலுக்குத் திரும்பிப் போனார். நவமணி சித்தி குடையை மடக்கிவிட்டுக் கூடவே போனார். அடிமரம் எப்போதோ போயிருக்கும், அங்கே ஒன்றும் இல்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு ஓர் இடத்தில் நின்றார்கள். பிறகு அம்மா மட்டும் நடந்தார். சொந்தக் கால். ஒன்பது.

நின்றார். சித்தி தலையாட்டினார்.

அளவைக்காரர் என்னைப் பார்த்தார். அவரே கொடியைப் பிடுங்கிக்கொண்டு வந்து, அம்மாவின் செருப்புக்குப் பக்கத்தில் நட்டு, காகிதத்தில் எண்ணைத் திருத்தினார்.

நான்கு மீட்டர், தனேஷ். வடக்கே. இணைப்பில் கோளாறு இல்லை, தளத்தில் கோளாறு இல்லை, இந்த ஒரு முறை எல்லாம் என் பக்கம் சரி. உன் மேப்பைத் திருத்து.

கேரன்